வாயு விளக்கும் வீட்டுரிமையும்
விக்ரோறியா காலக் குற்றத் திரைப்படங்கள் பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

1

1930களின் நடுப்பகுதி தொடக்கம் 1950 வரையான காலப்பகுதியிலே பிரித்தானியாவிலும் ஹொலிவூட்டிலும் விக்ரோறியா மகாராணியின் ஆட்சிக் காலத்தைப் பகைப்புலமாகக் கொண்ட குற்றத் திரைப்படங்கள் கணிசமான தொகையில் வெளிவந்தன. மூடுபனி கவிந்த இலண்டன் வீதி, குதிரை வண்டியின் ஓசை, கனத்த திரைச்சீலைகளும் தளபாடங்களும் அடைத்துக்கொண்ட வரவேற்பறை, மங்கியெரியும் வாயு விளக்கு, மருந்தலமாரியில் ஒரு நஞ்சுக் குப்பி ஆகியவை இப்படங்களின் பொதுச் சொத்தாகும். இவற்றைச் சுவைஞர் பலர் அச்சமும் அழகும் கலந்த பழங்காலக் காட்சிகளாகவே கண்டு மகிழ்ந்துள்ளனர். விமரிசகர் சிலரோ, மிகையுணர்ச்சி நாடகத்தின் எச்சசொச்சங்கள் எனக் கூறி ஒதுக்கியுள்ளனர். இவ்விரு நோக்குகளும் ஒரு வினாவைத் தவறவிடுகின்றன. போரும் பொருளாதார நெருக்கடியும் உலகை உலுக்கிய ஆண்டுகளிலே, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு வீட்டினுள் நிகழும் குற்றத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய தேவை எங்கிருந்து எழுந்தது?

இப்படங்களின் மேற்பரப்பிலே கொலை, நஞ்சு, பைத்தியம் என்பன காணப்படினும், அவற்றின் அடிப்பொருள் சொத்துரிமையே என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இவை அவ்வுண்மையைக் காட்டவும் செய்கின்றன, மறைக்கவும் செய்கின்றன. காட்டுவது எவ்வளவு, மறைப்பது எவ்வளவு என்பதைக் கணிப்பதற்குப் பற்றிக் ஹமில்ரனின் 'காஸ் லைற்' நாடகமும் அதன் இரு திரைவடிவங்களும் மிகப் பொருத்தமான சான்றுகளாகும். எனவே அவையே இங்கு விரிவாக நோக்கப்படுகின்றன.

2

மிகையுணர்ச்சி நாடகம் என நாம் கூறும் மெலோட்ராமா, தோற்றத்திலே அடித்தள மக்களின் அரங்கைச் சார்ந்தது. இலண்டனில் அரச உரிமம் பெற்ற சில அரங்குகளுக்கே உரைநடை நாடகம் மேடையேற்றும் உரிமை இருந்தது. ஏனைய அரங்குகள் இசையைத் துணையாகக் கொண்டே கதை கூற வேண்டியிருந்தன. 1843 ஆம் ஆண்டின் அரங்கச் சட்டம் இத்தனியுரிமையை நீக்கியபோது, இசையும் உணர்ச்சியும் தழுவிய இந்நாடக வகை தொழிலாளர் வாழ் பகுதிகளில் ஏலவே வேரூன்றியிருந்தது.

அதன் வில்லன் யார் என்பது கவனிக்கற்பாலது. 1827 இல் சபோக் மாகாணத்துப் போல்ஸ்ரெட் கிராமத்திலே மரியா மார்ற்றன் என்ற பெண் ஒரு களஞ்சியசாலையில் கொல்லப்பட்டாள். அவளைக் கொன்ற வில்லியம் கோடர் அடுத்த ஆண்டு தூக்கிலிடப்பட்டான். கோடர் ஓரளவு வசதி படைத்த விவசாயி ஒருவரின் மகன். ஆனால் மேடையோ அவனைக் கிராமத்து நிலப்பிரபுவாக உயர்த்திவிட்டது. 1935 இல் ரொட் ஸ்லோற்றர் நடித்து வெளிவந்த 'மரியா மார்ற்றன்' திரைப்படத்திலும் அவன் நிலப்பிரபுவாகவே தோன்றுகிறான். மக்கள் மனம் செய்த இத்திருத்தம் தற்செயலானதன்று. பொதுநிலங்கள் வேலியடைக்கப்பட்டுக் கூலியாட்களாக்கப்பட்ட கிராமத்தவரின் வழிவந்தோர், தம்மை வஞ்சித்தோர் எவர் என்பதை அரங்கிலே அடையாளங் கண்டனர். உண்மை நிகழ்ச்சிக்கு முரணாயினும் வர்க்க அனுபவத்துக்கு முரணற்ற திருத்தம் அது எனலாம்.

நூற்றாண்டின் நடுக்கூற்றிலே நிலைமை மாறுகின்றது. நாடகத்தினதும் நாவலினதும் நுகர்வோராக மத்தியதர வர்க்கத்தினர் பெருகியதும், குற்றம் களஞ்சியசாலையை விட்டு வரவேற்பறைக்குள் நுழைந்தது. வில்லனும் நிலப்பிரபுவின் உடையைக் களைந்து கணவனின் உடையை அணிந்துகொண்டான். 1859 நவம்பர் தொடக்கம் 1860 ஓகஸ்ற் வரை தொடராக வெளிவந்த வில்கி கொலின்சின் 'வெள்ளுடைப் பெண்' நாவல் இம்மாற்றத்தின் எல்லைக்கல். 20,000 பவுண் செல்வத்துக்காக மனைவியொருத்தியின் பெயரையும் அறிவையும் பறித்து, அவளை வேறொருத்தியாக மனநோய் மனையில் அடைப்பதே அதன் கதை. 1940 இல் ஸ்லோற்றர் நடித்த ஒரு படத்துக்கும், 1948 இல் ஹொலிவூட் தயாரித்த மற்றொன்றுக்கும் இதுவே மூலமாயிற்று. தமிழ் வாசகருக்கும் இம்மரபு முற்றிலும் புதியதன்று. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஆரணி குப்புசாமி முதலியார் முதலானோர் ஆங்கில மர்ம நாவல்களைத் தழுவி எழுதியவை வாயிலாக அதன் சாயல்கள் தமிழிலும் படிந்தன.

3

கணவன் வில்லனாவதற்குச் சட்டமே வழி சமைத்திருந்தது. ஆங்கிலப் பொதுச் சட்டத்தின்படி திருமணத்தோடு பெண்ணின் சட்ட ஆளுமை கணவனின் ஆளுமைக்குள் அடங்கிவிடும். அவளது பணம், நகை, தளபாடம் யாவும் அவனுடையவை. அவளது நிலத்தின் வருமானமும் அவனையே சாரும். அவள் உழைத்த ஊதியங்கூட அவளுடையதன்று. எழுத்தாளர் கரோலின் நோட்டன் தமது நூல்களால் ஈட்டிய பணத்தைப் பிரிந்து வாழ்ந்த கணவர் உரிமை கோரியபோது, அவ்வநீதியை எதிர்த்து 1855 இல் மகாராணிக்குப் பகிரங்கக் கடிதமொன்றை எழுதினார். 1857 இன் மணமுறிவுச் சட்டமும் சமநிலை தரவில்லை. மனைவியின் பிறழ்வொழுக்கம் ஒன்றே கணவனுக்கு மணமுறிவு பெறப் போதுமாயிருக்க, மனைவியோ கணவனின் பிறழ்வொழுக்கத்தோடு கொடுமையையோ கைவிடுதலையோ சேர்த்து நிரூபிக்க வேண்டியிருந்தது. இவ்வேறுபாடு 1923 வரை நீடித்தது.

செல்வந்தக் குடும்பங்கள் நம்பிக்கைப் பொறுப்பு ஏற்பாடுகள் மூலம் தம் மகளிரின் சொத்தைப் பாதுகாத்துக்கொண்டன. ஏனையோருக்கு அவ்வழி எட்டாதிருந்தது. 1870 இன் சட்டம் மனைவியின் ஊதியத்தையும் சிறுதொகை முதுசத்தையும் அவளுக்கே உரித்தாக்கியது. 1882 இல் நிறைவேறி 1883 தை முதலாம் நாள் நடைமுறைக்கு வந்த மணமான பெண்களின் சொத்துரிமைச் சட்டமே அவளது உடைமை முழுவதையும் அவளிடம் விட்டது. மனைவியை வீட்டினுள் அடைத்துவைக்கும் உரிமை கணவனுக்கு இல்லை என நீதிமன்றம் திட்டவட்டமாகக் கூறுவதற்கு 1891 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொத்துரிமைக்கு அருகே மற்றொரு கருவியும் இருந்தது. 1845 இன் மனநோய்ச் சட்டத்தின்படி, உறவினர் ஒருவரின் கட்டளையும் இரு மருத்துவர்களின் சான்றிதழும் இருப்பின் ஒருவரைத் தனியார் மனநோய் மனையில் அடைக்கலாம். நீதவானின் ஆணை 1890 இன் பின்னரே கட்டாயமாக்கப்பட்டது. நாவலாசிரியரும் அரசியல்வாதியுமான எட்வேட் புல்வர் லிற்றன் 1858 இல் தம்மை விட்டுப் பிரிந்து வாழ்ந்த மனைவி றொசினாவை இவ்வாறே அடைத்தார். தேர்தற் கூட்டத்திலே பலரறியத் தம்மைக் கண்டித்தமையே அப்பெண்மணி செய்த 'பைத்தியக்காரத்தனம்'. பத்திரிகைகளும் பொதுமக்களும் எழுப்பிய கண்டனத்தால் ஏறத்தாழ மூன்று வாரத்தில் அவர் விடுவிக்கப்பட்டார். லிற்றன் அவ்வேளை வகித்த பதவி குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சர் பதவியாகும். இலங்கையின் நிருவாகமும் அப்பதவிக்கு உட்பட்டிருந்தது. வீட்டிலே மனைவிக்குச் சுயபுத்தி இல்லை எனச் சான்றிதழ் பெற்றவரே, தம்மைத் தாமே ஆளும் தகுதி அற்றன எனக் கருதப்பட்ட நாடுகளுக்கும் பொறுப்பாக இருந்தார். மேலாண்மையின் தருக்கம் இரண்டிடத்தும் ஒன்றேயாம்.

4

இவ்வரலாற்றுப் பின்னணியிலே ஹமில்ரனின் நாடகத்தை நோக்குதல் வேண்டும். 1904 இல் பிறந்த ஹமில்ரன் 1930களில் மார்க்சியத்தின்பால் ஈர்க்கப்பட்டவர். 1938 இல் மேடையேறிய 'காஸ் லைற்' இலண்டனின் பிம்லிக்கோப் பகுதியில் 1880 ஆம் ஆண்டில் நிகழ்கிறது. அதாவது பெண்ணின் சொத்துரிமைச் சட்டம் நிறைவேறுவதற்கு இரண்டாண்டுகள் முன்னர். 1941 டிசெம்பரில் நியூயோக் நகரில் வேறு பெயரில் அரங்கேறிய அது 1,295 தடவைகள் நடிக்கப்பட்டது. 1940 இல் தொரல்ட் டிக்கின்சன் அதனைப் பிரித்தானியாவில் படமாக்கினார். அன்ரன் வோல்புறூக்கும் டயனா வின்யாட்டும் அதில் நடித்தனர். 1944 இல் எம்.ஜி.எம். நிறுவனத்துக்காக ஜோர்ஜ் கியூக்கோர் மீண்டும் படமாக்கினார். அதில் இன்கிறிட் பேர்க்மன், சார்ள்ஸ் பொயர், ஜோசப் கொட்டன் ஆகியோர் நடித்தனர்.

கதை எளிமையானது. வீடொன்றில் இரத்தினங்களுக்காக முதிய பெண்ணொருத்தியைக் கொன்றவன் அவற்றைக் கண்டெடுக்க முடியாமல் ஓடுகிறான். ஆண்டுகள் சில கழிந்தபின் மனைவியுடன் அவ்வீட்டுக்கே குடிவருகிறான். இரவுதோறும் வெளியே செல்வதாகப் பாவனை செய்து, மூடப்பட்ட மேன்மாடத்தில் ஏறித் தேடுகிறான். மனைவி கேட்கும் காலடி ஓசையும் காணும் ஒளிமாற்றமும் அவளது மனமயக்கமே எனச் சாதிக்கிறான். சிறு பொருட்களைத் தானே ஒளித்துவிட்டு, அவள் தொலைத்ததாகக் குற்றஞ்சாட்டுகிறான். அவளும் தன்னைத் தானே ஐயுறத் தொடங்குகிறாள்.

வாயு விளக்கு இங்கு வெறும் சூழலலங்காரம் அன்று, அதுவே சாட்சி. வீட்டின் விளக்குகள் யாவும் ஒரே குழாயிலிருந்து வாயு பெறுவன. ஓரறையில் புதிதாக ஒரு விளக்கை ஏற்றினால் ஏனைய அறைகளில் சுடர் சற்றுத் தாழும். மேன்மாடத்தில் கணவன் விளக்கேற்றுந்தோறும் கீழே மனைவியின் அறை மங்குகிறது. அவன் சொல் எதனை மறுக்கின்றதோ அதனைப் பௌதிக விதி உறுதிப்படுத்துகின்றது. கணவனின் அதிகாரத்துக்கு எதிராக ஒரு பெண்ணின் கண் கண்ட உண்மை நிற்கிறது. அவ்வுண்மைக்குச் சமூகத்தில் சாட்சி இல்லாதபோது பொருளுலகம் சாட்சி கூறுகிறது. பொருள்முதல்வாதத்தில் ஈடுபாடுடைய ஒருவரின் கைவண்ணம் இதிலே புலப்படுகின்றது எனக் கொள்வதில் தவறில்லை.

1944 இன் படம் சொத்துறவை மேலும் கூர்மையாக்குகின்றது. கொலையுண்டவள் கதாநாயகி போலாவின் சிறியதாயார். அவரது வீடு போலாவுக்கு முதுசமாக வந்துள்ளது. அவ்வீட்டுக்குள் நுழைவதற்கே கொலைஞன் அவளை மணக்கிறான். திருமணம் இங்கு ஒரு திறவுகோல். இலண்டனுக்குச் செல்லவே அஞ்சும் பெண்ணை, அங்கு ஓர் அமைதியான வீடு வேண்டும் என்ற தன் கனவைச் சொல்லியே அவன் இணங்க வைக்கிறான். காதல் மொழியும் உடைமை மொழியும் ஒரே வாயிலிருந்து வருவதைப் பொயரின் மென்குரல் நன்கு உணர்த்துகின்றது. அவளை மனநோய் மனைக்கு அனுப்பிவிட்டால் வீடு முழுவதும் தடையின்றி அவன் கைக்கு வரும். அவ்விடத்துச் சட்டம் கொலைஞனுக்குத் தடையாக நிற்கவில்லை, துணையாக நிற்கிறது.

வேலையாட்களின் நிலையும் நோக்கற்பாலது. 1881 குடிசனமதிப்பின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் வீட்டுப் பணிப்பெண்கள் 12 இலட்சத்துக்கும் அதிகமாக இருந்தனர். அக்காலப் பெண்ணுழைப்பில் மிகப் பெரிய துறை அதுவே. படத்திலே நான்சி என்ற இளம் பணிப்பெண்ணைக் கணவன் எசமானிக்கு எதிராக ஏவுகிறான். அன்ஜெலா லான்ஸ்பரியின் முதற் பாத்திரமான இந்நான்சி, எசமானியை ஏளனமாக நோக்கும் பார்வையிலே வர்க்கக் கசப்பு ஒன்று தெறிக்கின்றது. ஆயின் படம் அக்கசப்பின் காரணத்தை ஆராய்வதில்லை. அதனை ஒழுக்கக்கேடாகவே தீட்டிவிடுகின்றது. ஒரே ஆணின் அதிகாரத்துக்கு உட்பட்ட இரு பெண்கள் ஒருவரையொருவர் பகைவராகக் காண்கின்றனர். பிரித்தாளும் கொள்கை வீட்டினுள்ளும் பயின்று வந்தமையை இதைவிடத் தெளிவாகக் காட்டுதல் அரிது.

5

இனி, படம் மறைப்பவற்றை நோக்குவோம். பிரச்சினைக்குத் தீர்வு வெளியிலிருந்து வருகின்றது. துப்பறிவாளர் ஒருவர் வீட்டுள் நுழைந்து, 'விளக்கு மங்குவதை நானும் கண்டேன்' என்னும் பொருள்பட உரைக்கிறார். அக்கணமே போலா மீளுயிர் பெறுகிறாள். அவள் பல வாரங்களாகக் கண்டது, இன்னோர் ஆண் கண்ட பின்னரே உண்மையாகின்றது. 1940 இன் படத்தில் இம்மீட்பர் ஓய்வுபெற்ற, பருத்த உடலும் எளிய பேச்சுமுடைய முதியவர். ஹொலிவூட் அவரை அகற்றிவிட்டு ஸ்கொட்லாந்து யாட்டைச் சேர்ந்த இளைஞர் ஒருவரை அமர்த்திற்று. விடுதலையின் முடிவிலே மற்றொரு காதலின் குறிப்புத் தோன்றுகின்றது. கொடிய கணவன் நீங்கினான், நல்ல கணவன் வருவான் என்பதே செய்தி. கணவன் என்னும் நிறுவனம் கேள்விக்கு உட்படுவதில்லை.

எனினும் ஒரு காட்சி இவ்வாறுதியையும் மீறி நிற்கின்றது. நாற்காலியில் கட்டுண்ட கணவன் கயிற்றை அறுக்குமாறு மனைவியை வேண்டுகிறான். அவள் கத்தியை ஏந்தியபடி, தான் பைத்தியம் ஆகையால் உதவ இயலாது எனக் கூறுகிறாள். அவன் அவள்மீது சூட்டிய பட்டத்தையே ஆயுதமாக்கி அவன்மீது திருப்புகிறாள். மிகையுணர்ச்சி நாடகத்தின் வலு முழுவதும் இங்கே திரண்டு நிற்கின்றது. சட்டம் தராத நீதியை அரங்கம் தரும் கணம் இது. இரு படங்களும் இக்காட்சியைக் கைவிடாமை குறிப்பிடத்தக்கது.

படங்களின் வரலாறும் கதையை ஒத்ததே. மறுதயாரிப்பு உரிமையை வாங்கிய எம்.ஜி.எம்., டிக்கின்சனின் படத்தைச் சந்தையிலிருந்து அகற்ற முற்பட்டது. தப்பிய பிரதிகளாலேயே அது பின்னர் மீண்டும் காட்சிக்கு வந்தது. பெருமூலதனம் முந்திய சாட்சியத்தை மேன்மாடத்தில் பூட்டிவைக்க முயன்றது எனலாம். 1944 இன் படத்துக்குக் கிடைத்த இரு ஒஸ்கார் பரிசுகளில் ஒன்று பேர்க்மனின் நடிப்புக்கும், மற்றது கலை இயக்கத்துக்கும் வழங்கப்பட்டது. பெண்ணும் வீடும் சேர்ந்தே போற்றப்பட்டன.

குற்றத்தைப் பழங்காலத்துக்குத் தள்ளும் இவ்வுத்தியின் அரசியல் ஹமில்ரனின் மற்றொரு படைப்பிலே வெளிப்படையாகத் தெரிகின்றது. 1941 இல் வெளிவந்த 'ஹாங்கோவர் ஸ்குவயர்' நாவல் 1939 இன் இலண்டனை, போருக்கு முந்திய சோர்வையும் பாசிசச் சார்புடைய மனிதரையும் சித்திரிப்பது. 1945 இல் அதனைப் படமாக்கிய ஹொலிவூட், கதையை 1903 க்கு நகர்த்தியது. மகாராணி மறைந்து இரண்டாண்டுகளே கழிந்த காலம் அது. பாசிசம் மறைந்தது, பித்துப்பிடித்த இசைவாணன் ஒருவனும் மூடுபனியும் எஞ்சின. சமூக நோய் தனிமனித நோயாகச் சுருங்கியது. பிரித்தானியத் தணிக்கையாளர் முதலாம் உலகப் போர்க் காலத்திலேயே முதலாளி தொழிலாளி உறவைப் பற்றிய கதைகளை விலக்கத்தக்கவற்றின் பட்டியலிற் சேர்த்திருந்தனர். ஹொலிவூட்டில் 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தப்பட்ட ஒழுக்கக் கோவை, குற்றவாளி தண்டிக்கப்படவும் சட்டம் மதிக்கப்படவும் வேண்டும் என விதித்தது. நிகழ்காலத்தைப் பேச முடியாத கலைஞனுக்கு இறந்தகாலம் ஓர் ஒளிப்பிடமாயிற்று. அதே வேளை அது ஒரு சிறையுமாயிற்று.

6

பெண் பலியாளாகவன்றிக் குற்றவாளியாகத் தோன்றும் படங்கள் இப்பிரச்சினையின் மறுபக்கத்தைக் காட்டுவன. றொபேட் ஹேமர் 1945 இல் ஈலிங் ஸ்ரூடியோவுக்காக எடுத்த 'பிங்க் ஸ்றிங் அன்ட் சீலிங் வக்ஸ்' பிறைற்றன் நகரின் இரு வீடுகளை அருகருகே வைக்கின்றது. ஒன்று, பிள்ளைகளைக் கடுங்கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் மருந்துக்கடைக்காரரின் மதிப்பார்ந்த இல்லம். மற்றையது, குடிகாரக் கணவனிடம் அடிபடும் பெண் வாழும் மதுச்சாலை. கூகி விதேர்ஸ் நடித்த அப்பெண் மருந்துக்கடைக்காரரின் மகனைப் பயன்படுத்தி நஞ்சைப் பெற்றுக் கணவனைக் கொல்கிறாள். இறுதியிலே அவளுக்கு வாய்ப்பது கடற்கரை மேடையிலிருந்து பாய்ந்து சாவதுதான். தந்தையின் கொடுங்கோன்மை ஒரு புன்முறுவலோடு மன்னிக்கப்படுகின்றது. மணமுறிவு எட்டாத ஏழைப் பெண்ணின் கொலை மன்னிக்கப்படுவதில்லை. இரண்டு வீடுகளையும் ஒரே படத்தில் வைத்தமையால், இயக்குநர் விரும்பினாரோ இல்லையோ, இவ்வொப்பீட்டை நாம் தவிர்க்க முடியாதவர்களாகிறோம்.

டேவிட் லீனின் 'மடலின்' 1950 இல் வெளிவந்தது. 1857 இல் கிளாஸ்கோ நகரிலே கட்டடக் கலைஞர் ஒருவரின் மகளான மடலின் சிமித், தன் இரகசியக் காதலனும் குறைந்த ஊதியம் பெற்ற எழுதுவினைஞனுமான லான்ஜலியேயை ஆசனிக் நஞ்சூட்டிக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்டாள். 1851 இன் சட்டத்தின்படி நஞ்சுப் பதிவேட்டில் தன் பெயரையே ஒப்பமிட்டு அவள் ஆசனிக் வாங்கியிருந்தாள். நடுவர் குழு 'நிரூபிக்கப்படவில்லை' எனத் தீர்ப்பளித்தது. தந்தையின் விருப்பப்படி ஒரு செல்வந்தனை மணக்க வேண்டிய மகளுக்கும், அவள் கடிதங்களைக் கையில் வைத்துக்கொண்டு சமூக ஏணியில் ஏற முயன்ற இளைஞனுக்கும் இடையிலான போராட்டமாக லீன் இதனை அமைத்துள்ளார். தீர்ப்பின் பின் வண்டியிற் செல்லும் மடலின் விடை கூறாது புன்னகை மட்டும் செய்கிறாள். குற்றவாளி யார் எனப் படம் கூற மறுப்பதால், அவளை அந்நிலைக்குத் தள்ளிய வீடும் திருமணச் சந்தையும் ஐயத்துக்கு உட்படுகின்றன. இவ்வகையில் 'காஸ் லைற்' எட்டாத ஓரிடத்தை இப்படம் எட்டுகின்றது.

7

இப்படங்கள் வெளிவந்த காலத்தின் தேவையை இனி உணரலாம். 1941 டிசெம்பரில் பிரித்தானியப் பாராளுமன்றம் மணமாகாத இளம் பெண்களைக் கட்டாயத் தேசிய சேவைக்கு அழைக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிற்சாலையிலும் போக்குவரத்திலும் உழைத்துச் சொந்தமாக ஊதியம் பெற்ற பெண்கள், போர் முடியும் தறுவாயிலே மீண்டும் வீட்டுக்கு அழைக்கப்பட்டனர். பூட்டிய வீட்டினுள் அறிவு கலங்கும் ஒரு பெண்ணின் கதை, அவ்வழைப்பைக் கேட்ட பார்வையாளருக்குப் பழங்கதையாக மட்டும் இருந்திருக்க முடியாது. அவ்வச்சத்தைப் படங்கள் பேசவும் செய்தன. அதே மூச்சில், 'அது பாட்டிமார் காலத்துக் கொடுமை' எனத் தேற்றவும் செய்தன.

படங்களுக்குள் வராத மற்றோர் உலகமும் உண்டு. அவ்விளக்குகளுக்கு வாயு எங்கிருந்து வந்தது? கிழக்கு இலண்டனின் பெக்ரன் நிலையத்திலே உலை வெப்பத்தில் நிலக்கரி வாரிய தொழிலாளர், வில் தோர்ண் தலைமையில் 1889 இல் சங்கம் அமைத்துப் பன்னிரண்டு மணி நேர வேலைமுறையை எட்டு மணி நேரமாகக் குறைப்பித்தனர். மார்க்சின் மகள் எலினோர் அச்சங்கத்துக்குத் துணைநின்றார். வரவேற்பறையின் சுடர் எத்தனை தடவை தாழ்ந்து உயர்ந்தாலும் அவ்வுழைப்பாளரின் முகத்தை இப்படங்கள் ஒருபோதும் ஒளிபெறச் செய்யவில்லை.

நாடகத்தின் பெயர் பின்னர் ஆங்கிலத்திலே ஒரு வினைச்சொல்லாயிற்று. ஒருவரைத் தம் புலனறிவையே ஐயுறச் செய்தல் என்பது அதன் பொருள். 2022 இல் அமெரிக்க அகராதி நிறுவனமான மெரியம் வெப்ஸ்ரர் அதனை ஆண்டின் சொல்லாகத் தெரிவு செய்தது. 2015 இல் இங்கிலாந்தும் வேல்சும் நெருங்கிய உறவினரிடையே வற்புறுத்திக் கட்டுப்படுத்தும் நடத்தையைக் குற்றமாக்கின. இவை வரவேற்கத்தக்கன. ஆயினும் அச்சொல் பரவிய வேகத்தில் அதன் மூலப்பொருள் தேய்ந்துவிட்டது. அது ஒரு தீயவனின் மனத்தந்திரமாகவே விளங்கிக் கொள்ளப்படுகின்றது. ஹமில்ரனின் கணவனோ வெறும் இன்பத்துக்காக மனைவியை வதைத்தவனல்லன். வீடும் இரத்தினமும் வேண்டியே வதைத்தான். சொத்தை விலக்கிவிட்டு உளவியலை மட்டும் எடுத்துக்கொள்வது, விளக்கு மங்கியதைக் கண்டும் மேன்மாடத்தில் ஏறிப் பார்க்காமையை ஒக்கும்.

இவ்விடத்து நமது வரலாறும் நினைவிற் கொள்ளற்பாலது. இங்கிலாந்தின் மனைவியர் 1882 இல் பெற்ற உரிமைக்கு 29 ஆண்டுகள் பின்னர், அதே பேரரசின் கீழிருந்த இலங்கைச் சட்டசபை 1911 இல் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், முதுசங்கள் கட்டளைச் சட்டத்தை இயற்றியது. தேசவழமைக்குட்பட்ட மணமான பெண் தனக்குரிய நிலபுலத்தைக் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும் என அது விதித்தது. சீதனமாக வந்த காணி பெண்ணின் பெயரில் இருக்கும், ஒப்பத்தின் வலு மற்றவரிடம் இருக்கும். அவ்வாறாயின் வாயு விளக்கின் கதையை இலண்டன் மூடுபனிக்கே உரியதெனத் தள்ளிவிட நமக்கு உரிமையில்லை.

தொகுத்து நோக்குமிடத்து, விக்ரோறியா காலக் குற்றத் திரைப்படங்கள் கடந்தகாலத்தைப் பற்றிய அழகிய பொய்களும் அல்ல, முழு உண்மைகளும் அல்ல. வீட்டினுள் நிகழ்ந்த உடைமைப் போராட்டத்தை அச்சத்தின் மொழியிலே பதிவு செய்தமை அவற்றின் சாதனை. அதனை ஒரு தீயவனின் கைதோடு முடித்துவைத்தமை அவற்றின் வரம்பு. கைதுசெய்யப்பட்டவன் போய்விட்டான். அவனை அவ்வீட்டுக்குள் உரிமையோடு நுழையவிட்ட சட்டமும் வழக்கமும் எங்கெங்கு எவ்வுருவில் எஞ்சியுள்ளன என ஆராய்தல், படம் முடிந்தபின் பார்வையாளர் ஏற்க வேண்டிய பணியாகும்.